மொட்டையா இருந்துச்சு

வில்லாபுரத்தில், குறுக்குத் தெரு ஒன்றில்
கரண்டு மீட்டருக்குத் திரை தைத்துப் போட்டிருக்கிறார்கள்.

கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூ.
நைட்டி வெட்டியதில் மிஞ்சிய துணி.
நடுவில் நாடா, நாடாவில் பட்டாம்பூச்சி முடிச்சு.
அவிழ்த்து, விலக்கி, ரீடிங் எடுத்துவிட்டு
திரும்பக் கட்டத் தெரியாமல்
தொங்கவிட்டு வந்தேன் முதல் தடவை.

பதினோரு வருஷமாக இதே சுற்று.
அனுப்பானடி, சிந்தாமணி, அவனியாபுரத்தில் பாதி.
மீட்டர் இருக்கும் பக்கம் வீட்டுக்கு முகம் இருக்காது.
அறுந்த செருப்பு, காலி கேன்,
வெளியே காயப்போடக் கூசும் துணிகள்.
விருந்தாளி பார்க்காத மூலையை
இரண்டு மாதத்துக்கொருமுறை பார்க்க
எனக்குச் சம்பளம்.

அங்கேயும் யாரோ எதையோ செய்துவைக்கிறார்கள்.
சிந்தாமணிப் பல் டாக்டர் வீட்டு முடுக்கில்
இரண்டு சிலிண்டருக்கு நடுவே சரியாக ஒரு சாண்.
எந்த மாதம் போனாலும் அதே சாண்.
கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை மனிதர்.
பஞ்சர் கடை சிக்கந்தர்
ஸ்பேனர்களைச் சுவரில் மாட்டி
ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவம் வரைந்திருக்கிறான்.
எடுத்தால் எது குறைகிறதென்று தெரியும், அது உபயோகம்.
உருவத்துக்கு ஏன் மயில்நீலம்?
அது வேறு.

ஆனால் அந்தத் திரை அழகில்லை.
இதைச் சொல்லிவிட வேண்டும்.
பச்சையும் ஆரஞ்சும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும்.
என் வீட்டில் மாட்டமாட்டேன்.
ரிங் ரோடு தாண்டியும் இதுதான் உறுத்தியது:
அழகுக்கென்றே செய்த ஒன்று
அழகில்லாமல் போனால்
அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்த தடவை கேட்டேவிட்டேன்.
"மீட்டருக்கு எதுக்கும்மா திரை?"
முத்துராக்கு தையல் மிசினிலிருந்து நிமிரவில்லை.
"மொட்டையா இருந்துச்சு சார்."

காது மூளி, கழுத்து மூளி என்பார்கள்.
மீட்டர் மொட்டை என்று இப்போதுதான் கேட்கிறேன்.
ஒன்றுமே இல்லாத இடத்தில்
ஏதோ இல்லை என்று
அவள் கண்ணில் பட்டிருக்கிறது.
எனக்கு அங்கே பட்டது
ஐந்து இலக்கம்.

நூறு யூனிட் இலவசம்.
மோட்டார் வைத்த மிசின் நூறோடு நிற்காது.
ஐப்பசியில் அவள் பில் கட்டவில்லை.
ஒச்சப்பனோடு போனேன், ஃப்யூஸ் பிடுங்க.
"ஏண்ணே, பில்லுக்கு வக்கில்ல,
மீட்டருக்குச் சேலை கட்டியிருக்கு" என்றான்.
நான் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.
அப்போது சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.
அவள் காதிலும் விழுந்தது.

உள்ளே ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது.
மிசினில் பாதி தைத்த ஜாக்கெட்,
ஊசி குத்தியது குத்தியபடி.
என்ன செய்வதென்று தெரியாமல்
நாடாவை எடுத்து முடிச்சுப் போடப் பார்த்தேன்.
ஒரு காது நீளம், ஒரு காது குட்டை.
"விடுங்க சார்" என்று எழுந்து வந்தாள்.
திட்டப்போகிறாள் என்று ஒதுங்கினேன்.

அவிழ்த்தாள். நாடாவை நீவினாள்.
ஓடாத மீட்டருக்கு
இரண்டு காதும் ஒரே அளவாகக் கட்டி
ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.
திரும்பி வந்து
இடது பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"எவ்வளவு கட்டணும் சார்,
திரும்பக் குடுக்குறதுக்கும் சேத்து?"

அட்டையின் ஓரத்தில் எழுதினேன்.
வாசலில் ஒச்சப்பன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான்.
எட்டின் மேல்சுழி சப்பையாக விழுந்திருந்தது.
அடித்தால் ஆபீசில் கேட்பார்கள்.
அடித்துவிட்டு
மறுபடி எழுதினேன்.